மச்சான் வீட்டு வேலைக்கு பில் போடலாமா? கேள்வி பதில்

23 வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். முதல் 10 வருடம் சொந்தக்காரர், கூட்டாளி யாரிடமும் கூலி வாங்கியதில்லை. அந்தக் காலத்தில் கெட்டுப்போன உறவுகள்தான் அதிகம். கூலி வாங்க ஆரம்பித்த பிறகு ஒன்றிரண்டுதான் கெட்டது. எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான். எந்தத் தொழிலாக இருந்தாலும் கேளுங்கள்.

கேள்வி (பிளம்பர், தொழிலுக்கு வந்து 2 வருடம்): அண்ணே, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சொந்தக்காரர் வீட்டு வேலைக்குக் காசு வாங்கலாமா, கூடாதா? இந்த வாரமே மாமா வீட்டில் குளியலறை வேலை இருக்கிறது.

வாங்கலாம் தம்பி. வாங்காமலும் இருக்கலாம். ரெண்டில் எது என்பதை வேலையைத் தொடும் முன்னால் சொல்லிவிட வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

நான் பார்த்தவரை, கூலி கேட்டதால் வந்த சண்டை குறைவு. ‘நமக்குள்ள என்ன, பார்த்துக்கலாம்’ என்று ஆரம்பித்த வேலையில்தான் சண்டை வருகிறது. மாமா அதைச் சொன்னால், ‘காசெல்லாம் கேட்க மாட்டான்’ என்று அர்த்தம். நீங்கள் அதையே சொன்னால், ‘அவராகப் பார்த்துக் கொடுப்பார்’ என்று அர்த்தம். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனை வைப்பீர்கள். வேலை முடிகிற அன்றுதான் தெரியும்.

கேள்வி (அதே பிளம்பர்): சரி அண்ணே, ஆனால் வாய் வர மாட்டேன் என்கிறது. எப்படிச் சொல்வது?

வாய் வரவில்லை என்றால் விரலால் சொல்லுங்கள். நான் அனுப்புகிற மெசேஜ் இதுதான்: ‘சனிக்கிழமை வரேன் மாமா. சாமான் லிஸ்ட் கீழே இருக்கு, அதை மட்டும் முன்னாடியே வாங்கி வெச்சிடுங்க, இல்லேன்னா காசு அனுப்புங்க, நான் வாங்கிட்டு வரேன். கூலி இவ்வளவு ஆகும்.’ கூலி வேண்டாம் என்றால் கடைசி வரியில் ‘கூலி வேண்டாம், இது என்னோட பங்கு’ என்று போடுவேன். ‘பார்த்துக்கலாம்’ என்ற சொல் அதில் எங்கேயும் இருக்காது.

சாமான் காசு மட்டும் எந்தக் காரணத்துக்கும் உங்கள் பையிலிருந்து போகக் கூடாது. கூலியை விட்டால் உங்கள் நேரம் போகும். சாமானை விட்டால் கடைக்காரருக்கு நீங்கள் கடன்காரர் ஆகிவிடுவீர்கள்.

கேள்வி (தையல் வேலை செய்பவர்): எனக்கு வருவதெல்லாம் ‘ஒரே ஒரு தையல்தானே’ வேலைகள். இதற்கெல்லாம் போய்க் காசு கேட்டால் அற்பமாக இருக்காதா?

எனக்கு இது ‘ஒரே ஒரு ஸ்விட்ச்தானே’ என்று வரும். ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பெரியம்மா வீட்டில் ஃபேன் சுற்றவில்லை, கெப்பாசிட்டர் போயிருந்தது. மாற்ற 10 நிமிடம். ஆனால் வண்டியில் போக 35 நிமிடம், கடை திறக்கக் காத்திருந்தது 20, ஏணி பக்கத்து வீட்டிலிருந்து வர 15, ‘வந்ததுதான் வந்தாய், இந்த லைட்டையும் பார்’ என்று 40, திரும்பி வர 35. மொத்தம் 155 நிமிடம். அன்று காலை வேலையே போய்விட்டது. பெரியம்மாவின் கணக்கில் இன்றுவரை அது 10 நிமிட வேலைதான். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கண்ணால் பார்த்தது அந்த 10 நிமிடத்தைத்தானே?

உங்கள் தொழிலில் இன்னும் மோசம். பழைய தையலைப் பிரிப்பது, நிறத்துக்கு நூல் தேடுவது, மெஷினில் நூல் மாற்றுவது என்று பாதி வேலை தைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்காதீர்கள். மாதத்தில் ஒரு நாளை வைத்துக்கொண்டு, ‘சில்லறை வேலையெல்லாம் அன்றைக்குக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். அவசரம் என்றால் கூலி உண்டு’ என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி அவசரம் தானாகக் காணாமல் போகும்.

கேள்வி (தச்சர்): முழுக் கூலியும் வேண்டாம், சும்மாவும் வேண்டாம். பாதிக் கூலி வாங்குவதுதானே நியாயம்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை. பாதிக் கூலிக்குப் போன வேலையில் எனக்கும் முகம் சுருங்கும், அவர்களும் ‘காசு வாங்கினான்ல’ என்று அதிகாரமாக வேலை சொல்வார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் இதைப் பற்றி ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னாள். யூரி க்னீசி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்டது. மாணவர்களுக்கு 50 கேள்விகள் கொடுத்திருக்கிறார்கள். விடைக்கென்று தனியாகக் காசு இல்லாத குழு சராசரியாக 28 கேள்விக்குச் சரியாகச் சொன்னது. ஒரு விடைக்கு ஏதோ சில்லறை என்று கொடுத்த குழு 23-தான். நல்ல காசு கொடுத்த குழு 34. ‘கொடுத்தா ஒழுங்கா கொடு, இல்லேன்னா கொடுக்காதே. இதுக்கு ஆராய்ச்சி வேறயா?’ என்றேன். மகள் முறைத்தாள்.

குறைத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பில்லில் முழுக் கூலியை எழுதுங்கள். அதற்குக் கீழே ‘தள்ளுபடி’ என்று எழுதிக் கழியுங்கள். வெறுமனே பாதித் தொகையைச் சொன்னால் அதுதான் உங்கள் ரேட் என்று ஆகிவிடும். அவர் நாலு பேரிடம் சொல்வார், அந்த நாலு பேரும் அதே ரேட்டுக்கு வந்து நிற்பார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். விட்டுக்கொடுப்பதிலும் எவ்வளவு விட்டோம் என்று ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி (பெயிண்டர், கூட ரெண்டு கையாள்): தம்பி வீட்டுக்கு அடிக்கப் போகிறேன். என் கூலியை விட்டுவிட்டேன். கையாட்களுக்கு?

கட்டாயம் தம்பிதான் கொடுக்க வேண்டும். அவர் உங்களுக்குத்தான் தம்பி, கையாட்களுக்கு இல்லை.

கேள்வி (ஏசி மெக்கானிக்): சும்மா செய்துகொடுத்த வேலையில் பிறகு கோளாறு வந்தால், அதையும் சும்மாவே சரிசெய்ய வேண்டுமா?

இதில் நான் நன்றாக அடிபட்டவன். மச்சான் புது வீடு கட்டியபோது வயரிங் முழுக்க நான்தான். 11 நாள். பைசா வாங்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன்: ‘நீ போட்ட பிளக் பாயிண்ட் எரிஞ்சு போச்சு, வீடே போயிருக்கும்.’

போய்த் தட்டைக் கழற்றினேன். 6 ஆம்பியர் சாக்கெட். ஒரு பக்கத்து ஓட்டை உருகி வழிந்து இறுகியிருந்தது. பின்னால் வயரின் மேலுறை ரெண்டு அங்குலத்துக்குக் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. நான் அதை டிரிம்மருக்கும் சார்ஜருக்கும் என்று போட்டிருந்தேன். மச்சான் புதிதாக வாங்கிய 2000 வாட் வாட்டர் ஹீட்டரை ஒரு கன்வெர்ட்டர் பிளக் வைத்து அதில் சொருகியிருக்கிறார். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் எத்தனை நாள் தாங்கும்? ஹீட்டருக்கென்று 16 ஆம்பியர் பாயிண்ட் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது. அங்கே வாஷிங் மெஷின்.

அன்று காலை 10 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரை நின்று, தனி எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச்) வைத்து, தனி வயர் இழுத்து இன்னொரு 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் கூலி இல்லை. ‘வயரிங் சரியில்ல’ என்ற பேச்சு மட்டும் குடும்பத்தில் ஒரு வருடம் ஓடியது.

காசு வாங்கியிருந்தால் பில் இருந்திருக்கும். எந்தப் பாயிண்ட் எதற்கு என்று அதில் எழுதியிருப்பேன். ஓசி வேலைக்குப் பேப்பரே கிடையாது, அதனால் பொறுப்புக்கும் எல்லை கிடையாது. இப்போது கூலி வாங்காத வேலைக்கும் ஒரு தாளில் என்ன செய்தேன், எந்தத் தேதியில், எதை எதில் மாட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கைத்தவறு என்றால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். அவர்கள் போட்டுக் கெடுத்தது என்றால் அது புது வேலை, புதுப் பேச்சு.

கேள்வி (எலக்ட்ரீசியனிடம் வேலை பழகுபவர்): சார், நண்பன் வீட்டுக்கு இலவசமாக வயரிங் செய்கிறேன். ‘எம்சிபி இருக்குல்ல, ஆர்சிசிபி எதுக்குத் தண்டச் செலவு’ என்கிறான். விட்டுவிடலாமா?

கூடாது. எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஆர்சிசிபி காப்பாற்றுவது ஆளை. ஒருவர் உடம்பு வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது போவதே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்தக் கசிவை உணர்ந்து, அதிகம் போனால் 0.3 வினாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

சும்மா செய்கிற இடத்தில்தான் இந்த மாதிரி வளைந்து கொடுக்கத் தோன்றும். சலுகை கூலியில் மட்டும்தான், சாமானில் இல்லை. அவன் பிடிவாதமாக நின்றால் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதைத்தான் அடுத்து வேண்டாம் என்பான்.

கேள்வி (தொழிலாளி இல்லை, வேலை கொடுப்பவர்): என் நண்பர் கொத்தனார். எவ்வளவு வற்புறுத்தினாலும் காசு வாங்க மாட்டேன் என்கிறார். எனக்குத்தான் சங்கடம்.

உங்களைப் போல ரெண்டு பேர் எனக்கு இருந்திருந்தால்! சாமானை எல்லாம் நீங்களே வாங்கி இறக்கிவிடுங்கள். அவர் வருகிற நேரத்துக்கு இடத்தைக் காலி செய்து, சிமெண்ட் நனையாமல் மூடி வையுங்கள். கையாள் கூலியை அவர் காதுக்குப் போகாமலேயே கொடுத்துவிடுங்கள். முழுக் காசு தருகிற ஆள் யாராவது வீடு கட்டினால் அவர் நம்பரைக் கொடுங்கள். எனக்கு அப்படி ஒரு கூட்டாளி அனுப்பிய ஆளால் 4 மாதம் வேலை ஓடியது. அப்புறம், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ‘இது கொஞ்சம் கோணலா இருக்கோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி (பைக் மெக்கானிக்கின் மனைவி): ஞாயிறு தவறாமல் யாராவது ஒரு சொந்தம் வண்டியோடு வாசலில் நிற்கிறது. அவருக்கு மறுக்கத் தெரியாது. மறுத்தால் ‘பொண்டாட்டி பேச்சு’ என்று பழி என் மேல் வருகிறது.

சகோதரி, என் வீட்டிலும் இதே கதை நடந்தது. அவர் சும்மா செய்வதாக நினைக்கிற வேலைக்கு நீங்களும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் கேட்டு யாரும் வாங்கவில்லை. இதை அவரிடம் கோபமாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். காலண்டரில் போன 2 மாதத்து ஞாயிறுகளைச் சுழித்து, எது யாருக்குப் போனது என்று எழுதிக் காட்டுங்கள். என் மனைவி அப்படித்தான் செய்தாள். 8 ஞாயிறில் எங்களுக்கு மிஞ்சியது 1. அன்றைக்கும் எனக்குக் காய்ச்சல்.

மறுக்கிற வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ‘ஞாயிறு பட்டறை கிடையாது, திங்கள் காலையில் விடுங்க’ என்றால் போதும். காசு பேச்சே வேண்டாம். திங்கள் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கூலி கொடுக்கத் தானாகத் தோன்றும்.

கேள்வி (கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்): அப்பா அம்மாவிடம்?

நல்லா கேட்டீங்க போங்க.

கேள்வி (வெல்டர்): பால்ய சிநேகிதனுக்கு கேட் செய்து கொடுத்து 8 மாதம் ஆகிறது. சாமான் காசே வரவில்லை. இப்போது எப்படிக் கேட்பது?

கூலியை மறந்துவிடுங்கள். முதலில் பேசாதது உங்கள் தப்பு, அதற்கான அபராதமாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கடை பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பி, ‘கடையில பாக்கி நிக்குது, இதை மட்டும் கட்டிடு’ என்று கேளுங்கள். நலம் விசாரித்துவிட்டு நடுவில் நுழைக்காதீர்கள். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் மெசேஜ் என்று இருக்க வேண்டும். வந்தால் நட்பு தொடரும். வராவிட்டால் அவன் அடுத்து கிரில் வேலைக்குக் கூப்பிடும்போது என்ன சொல்வது என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி (முதலில் கேட்ட பிளம்பர்): அண்ணே, நீங்கள் சொன்னபடி மாமாவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன், கூலியும் போட்டு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருக்கிறது. சம்மதமா, கோபமா?

கட்டைவிரலை வைத்து எப்படித் தம்பி சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் சாமான் காசு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சனிக்கிழமை கிளம்புங்கள்.