கூண்டு நழுவுகிறது என்று வளையத்தை இறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. மனைவியும் நானும் பேசி முடிவெடுத்து, ஆணுறுப்பைப் பூட்டி வைக்கும் பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறோம். பூட்டு பூட்டியபடியே இருக்க, இரவில் உறுப்பு பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடுகிறது. 50 மி.மீ. வளையத்துக்குப் பதில் 40 மி.மீ. வளையம் போட்டு, பூட்டுக்குப் பதில் திருகாணி வைத்துப் பசையால் ஒட்டிவிடலாம் என்றிருக்கிறேன். இதனால் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. இரண்டும் தனித்தனியே கெடுதல். சேர்த்துச் செய்தால் பேராபத்து.

விரலில் மோதிரம் இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். ஆணுறுப்பின் அடியையும் விதைப்பையையும் சேர்த்துச் சுற்றி, விதைப்பைக்குப் பின்னால் அமரும் வளையமும் அப்படித்தான். இறுக்கம் கூடும்போது முதலில் தடைபடுவது உள்ளே வரும் ரத்தம் அல்ல, திரும்பிப் போகும் ரத்தம். ஏனெனில் சிரைகளின் சுவர் மெல்லியது, அவற்றில் அழுத்தமும் குறைவு. தமனி வழியே ரத்தம் வந்துகொண்டே இருக்க, வெளியேற வழியின்றி உறுப்பு வீங்குகிறது; வீங்க வீங்க அதே வளையம் மேலும் இறுகுகிறது. முடிவில் தமனியும் அடைபட்டால், சில மணி நேரத்திலேயே திசுக்கள் சேதமடையத் தொடங்கும்.

நலமான ஆணுக்கு உறக்கத்தில் 3 முதல் 5 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம், விறைப்பு தானாகவே ஏற்படும். பகலில் எடுத்த எந்த உறுதிமொழியும் அதைக் கட்டுப்படுத்தாது. மது அருந்தியோ தூக்க மாத்திரை போட்டுக்கொண்டோ படுத்தால், எழுப்ப வேண்டிய வலிகூட எழுப்பாமல் போகலாம்.

பசையை அறவே விட்டுவிடுங்கள். வீக்கம் கண்ட உறுப்பைச் சுற்றி, தோலில் படாமல் ஒரு தகட்டைச் செருகி, சூடேறாதிருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வளையத்தை அறுத்தெடுப்பது மருத்துவர்களான எங்களுக்கும் எளிய வேலையல்ல. தங்க மோதிரத்தை வெட்டும் சிறு கருவி தடித்த எஃகு வளையத்திடம் தோற்றுப்போகும்.

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் கூண்டின் நீளமே. தளர்ந்த நிலையில் உறுப்பின் நீளத்தைவிடக் கூண்டு நீளமாக இருந்தால், உள்ளே மிஞ்சும் இடமே பின்னோக்கி நழுவ வழிவிடுகிறது. ஆகவே முதலில் சற்றுக் குட்டையான கூண்டுக்கு மாறிப் பாருங்கள். வளையத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றால், விதைப்பைக்குப் பின்னால் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்துக் கிடைக்கும் விட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். போட்ட பின் வளையத்துக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும். இவ்வளவு செய்தும் முழுமையாக நழுவாத கூண்டு என்று ஒன்று கிடையாது. திறந்தால் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கமெனில், மின் மீட்டரில் போடுவது போன்ற எண் பொறித்த பிளாஸ்டிக் சீல் போதும். அவசரத்தில் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். பூட்டே போட்டாலும் ஒரு மாற்றுச் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தினமும் கழற்றி, முன்தோலைப் பின்தள்ளிக் கழுவி உலர்த்துங்கள். பின்தள்ளிய தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். சர்க்கரை நோயால் உணர்வு குறைந்தவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது.

உறுப்போ விதைப்பையோ நீலம் பாய்ந்தாலும், சில்லிட்டாலும், மரத்துப்போனாலும், சிறுநீர் வராவிட்டாலும் உடனே கழற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். வெட்கத்தில் நேரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள், சிகிச்சையின் வேகத்தை அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்வார்கள்.