திமிங்கிலப் பங்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவில் லெம்பாட்டா என்ற தீவில் லாமலேரா என்று ஒரு கிராமம். அதைப் பற்றிய காணொளி ஒன்றை என் மகன் காட்டினான். படகின் முனையில் நிற்கிற ஒருவர் மூங்கில் கழியோடு திமிங்கிலத்தின் மேலேயே பாய்கிறார். கொஞ்ச நேரத்தில் கடல் சிவந்துபோகிறது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ‘வீரம்’, ‘பாரம்பரியம்’ என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். நானும் கடற்கரைக்காரிதான், மீன் அறுக்கிற வீட்டில் பிறந்தவள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாமா? அரசாங்கம் அரிசி கொடுத்து, சுற்றுலாவை வளர்த்து இதை நிறுத்த முடியாதா?

– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

பாரம்பரியம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எதையும் நியாயப்படுத்த முடியாது. அதில் நான் உங்கள் கட்சி. அந்தத் திமிங்கிலம் வலியில்லாமல் சாகிறது என்றும் சொல்ல மாட்டேன். சில நேரம் பல மணி நேரம் ஆகும். படகையே இழுத்துக்கொண்டு ஓடும். பார்த்த உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

என் குறை அந்தக் காணொளியின் மேல்தான். நான் லாமலேராவுக்குப் போனதில்லை. ஆர். எச். பார்ன்ஸ் போன்ற மானுடவியலாளர்கள் அங்கேயே தங்கி எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாய்ச்சலோடு படத்தை முடித்துவிடுகிறார்கள். ஊருக்கு வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

லாமலேரா, லெம்பாட்டாத் தீவின் தென்கரையில் இருக்கிறது. முதுகுப் பக்கம் லாபலேகாங் எரிமலை, எதிரே சவு கடல். நடுவில் கல்லும் சரிவும். நெல் போட இடம் கிடையாது, காய்கறிக்கும் பெரிதாக வழி இல்லை. கடலோ கரையை விட்டதுமே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆழத்தில் மேய்கிற எண்ணெய்த் திமிங்கிலம் (ஆங்கிலத்தில் ஸ்பெர்ம் வேல்) அதனால்தான் கரைக்கு இவ்வளவு அருகில் வருகிறது. அவர்கள் அதைக் கோத்தேக்லேமா என்கிறார்கள். நீலத் திமிங்கிலத்தைத் தொட மாட்டார்கள். முன்னோரைக் கடலில் காப்பாற்றியது அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

வேட்டைப் படகுக்கு ‘தேனா’ என்று பெயர். பத்து மீட்டர் அளவு நீளம், ஆணி அடிக்காமல் மர முளைகளால் பலகைகளைச் சேர்த்துக் கட்டியது, பனையோலை முடைந்த பாய். இது தனி ஒருவர் சொத்து இல்லை. ஒரு குலத்துக்கு, அந்தக் குலத்தின் பெரிய வீட்டுக்குச் சொந்தம். திமிங்கிலம் கரைக்கு வந்ததும் பங்குக் கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்கில் புதிதாகப் பேரம் பேச ஒன்றும் இல்லை. எந்தப் பகுதி யாருக்கு என்பது உயிரோடு அது நீந்திக்கொண்டிருக்கும்போதே முடிவானது. கழியோடு பாய்ந்த லாமஃபாவுக்கு ஒரு பங்கு, துடுப்புப் போட்டவர்களுக்குப் பங்கு. அதோடு தீரவில்லை. படகு கட்டிய தச்சர், ஈட்டிமுனை அடித்த கொல்லர், பாய் செய்தவர், படகுக்கு உரிமையுள்ள வீட்டார் எல்லோருக்கும் உண்டு. இவர்களில் பலர் அன்று கடலுக்கே போயிருக்க மாட்டார்கள். மண்ணுக்கு உரிய பழைய குலத்தாருக்குத் தலையில் ஒரு பகுதி. இப்படி அவரவருக்கு வந்த பங்கிலிருந்து உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும், ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும் போகும். பங்கு வந்த வீட்டு முற்றத்தில் கறியைக் கீற்றுக் கீற்றாக அறுத்துக் கம்பில் தொங்கவிடுவார்கள். வெயிலில் கொழுப்பு உருகிச் சொட்டும். கீழே பிளந்த மூங்கிலை வைத்து அந்த எண்ணெயைப் பிடித்துக்கொள்வார்கள், விளக்குக்கு ஆகும். தெரு முழுக்க அந்த வாடைதான்.

காய்ந்த கறியைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் மலை ஏறுவதை அநேகமாக யாரும் படம் பிடிப்பதில்லை. லாமலேராவின் சாப்பாட்டில் பாதி மலைக்கிராமங்களில்தான் விளைகிறது: மக்காச்சோளம், வாழை, கிழங்கு. விடியுமுன் கிளம்பி வீடு வீடாகப் போய் மாற்றுவார்கள். அருகில் வுலான்டோனியில் சனிக்கிழமைச் சந்தை உண்டு. அங்கே கடற்கரைப் பெண்களும் மலைப் பெண்களும் கூடைகளோடு வந்து உட்கார்வார்கள். சந்தைக்காரர் தண்டல் வாங்கிக்கொண்டு விசில் ஊதும் வரை யாரும் கை வைப்பதில்லை. ஊதினதும் ஒரு கீற்றுக் கறிக்குப் பன்னிரண்டு சோளக்கதிர் என்ற மாதிரி கை மாறும், காசு நடுவில் வராது. ரூபியாவின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் பன்னிரண்டு கதிர் பன்னிரண்டு கதிர்தான்.

இப்போது உங்கள் அரிசிக்கு வருகிறேன். அரிசி அந்தத் தீவுக்குப் போகாமல் இல்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் காசு தேவைப்படுகிற ஊர்தான் அது. ஆனால் நீங்கள் அனுப்பும் அரிசி, கறியை உண்பவனுக்குத்தானே ஈடாகும்? கறியைச் சுமந்து போய்ச் சோளம் வாங்கி வருகிறவளுக்கும், அந்தச் சோளத்தை விளைவித்துக் கறிக்காகக் காத்திருக்கும் மலைக்காரிக்கும் அது எதை ஈடு செய்யும்? மூட்டையைக் கடற்கரையில் இறக்கிவிட்டு வேட்டையை நிறுத்தினால் முதலில் அறுந்து போவது மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொடுக்கல்வாங்கல்தான்.

அழிவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலம் இன்று அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது, உண்மை. அதை அங்கே கொண்டுபோனது யார்? 1960களில் உலகத்தின் வேட்டைக் கப்பல்கள் ஆண்டுக்கு 20,000க்கும் மேல் கொன்றன. லாமலேராவில் சராசரி பார்த்தால் ஆண்டுக்கு இருபது தேறும், சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். வணிக வேட்டைக்கான சர்வதேசத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தபோதும் பழங்குடிகளின் பிழைப்பு வேட்டைக்கு அதில் இடம் விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1973இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இதே ஊருக்கு நார்வேயிலிருந்து ஒரு வேட்டை நிபுணரை அனுப்பி வைத்தது, இன்னும் நன்றாகக் கொல்லக் கற்றுக்கொடுக்க! அந்தத் திட்டம் அங்கே வேரூன்றவில்லை. அப்புறம் 2009இல் சவு கடலைப் பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவிக்கும் பேச்சு வந்தபோது ஊரே எதிர்த்தது. கடைசியில் லாமலேராக்காரர்களின் கடலை அதில் சேர்க்கவில்லை.

எனக்குப் பயம் வேறு பக்கத்திலிருந்துதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து படகின் பின்னால் வெளியே மாட்டுகிற மோட்டார் வந்துவிட்டது. மோட்டார் கம்பெனியின் பெயரையே எடுத்து அந்தப் படகுகளுக்கு ‘ஜோன்சன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது திமிங்கிலத்துக்குக் கிட்டே வரை ஜோன்சன்தான் தேனாவை இழுத்துப் போகிறது, அப்புறம் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் துடுப்பு. ஓங்கில் (டால்பின்), திருக்கை என்றால் மோட்டார் படகு நேராகவே துரத்தும். பெட்ரோலுக்குக் காசு வேண்டும், காசுக்கு மீனை விற்க வேண்டும். மோட்டார் வாங்கினவருக்குத் தச்சருக்கும் பாய் முடைந்தவருக்கும் பங்கு கொடுக்க என்ன அவசியம்? படகில் பாயே இல்லையே. குலத்துக்கு இருந்த பங்கு, முதல் போட்டவரின் பங்காக மெல்ல மாறுகிறது. 2014இல் ஆனைத்திருக்கையை (மாண்டா) பாதுகாக்கப்பட்ட இனமாக இந்தோனேசியா அறிவித்ததை நான் சரி என்றுதான் சொல்வேன். காசுக்கு விற்கப் பிடிக்கிற உயிருக்குப் பாரம்பரியத்தின் பெயரில் விலக்குக் கேட்க முடியாது. லாமலேராக்காரர்களே கேட்டாலும்.

சுற்றுலா ஏற்கனவே இருக்கிறது. மே முதல் தேதி கடற்கரைத் தேவாலயத்தருகே பூசை வைத்து, கடலில் இறந்தவர்களுக்காக ஜெபித்து, படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்துப் பருவத்தைத் தொடங்குவார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். அதைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். வரட்டும், நாலு வீட்டுக்கு வாடகை கிடைக்கும். ஆனால் வந்தவர்கள் ஊரில் தங்கும் நாட்களில் திமிங்கிலம் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? வராத நாளில் காசு வாங்கிக்கொண்டு சும்மா பாய்ந்து காட்டச் சொல்வார்கள். வேட்டையை நிறுத்திவிட்டுச் சுற்றுலாவை மட்டும் வைத்தால் எல்லா நாளும் அந்த நாள்தான்.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். துடுப்பும் பாயும் போட்ட தேனா போகட்டும், எண்ணெய்த் திமிங்கிலத்தை அடிக்கட்டும், ஆனால் கறி தீவை விட்டு வெளியே விற்பனைக்குப் போகக் கூடாது. ஜோன்சனுக்கு இந்த விலக்கு கிடையாது. இதை விதியாக எழுதுவது ஜகார்த்தா என்றால், எழுதும் இடத்தில் லாமஃபாக்களோடு வுலான்டோனிச் சந்தைக்காரிகள் இரண்டு பேரையாவது உட்கார வைக்க வேண்டும்.