கரண்ட் போனால் தொட்டி மீனுக்கு முதலில் காற்று

காரைக்குடி வீட்டுப் பின்கட்டுத் தொட்டியில் ராத்திரி கரண்ட் போய், விடிவதற்குள் கோய் மீன்கள் (அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெண்டை) மேலே வந்து வாயைப் பிளந்தன, இரண்டு செத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் கெட்டுவிட்டதென்று மொத்தத்தையும் மாற்றிவிடாதீர்கள். அறிகுறியைப் பார்த்தால் ஆக்சிஜன் குறைவுதான். தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரைதான். நம்மூர் வெயிலில் தொட்டி ராத்திரியும் ஆறாது. பாசியும் செடியும் இருட்டில் ஆக்சிஜனை எடுக்குமே தவிரக் கொடுக்காது. விரால் என்றால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், கோய் மீனுக்கு அந்த வித்தை தெரியாது.

இன்வெர்ட்டர் இருந்தால் காற்று பம்பை மட்டும் அதில் போடுங்கள். சிறியது ஐந்து, பத்து வாட்தான் இழுக்கும். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். அதுவரை தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கை கடுக்கும், ஆனால் பலன் உண்டு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை நேராக விட வேண்டாம். கரண்ட் வரும்வரை தீனியும் வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது ஃபில்டரில். பல மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, தண்ணீர் அழுகின முட்டை போல நாறும். கரண்ட் வந்ததும் அந்த ஃபில்டர் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் தென்னைக்குக் கொட்டுங்கள். ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள்.

சரி, தொட்டி எத்தனை அடி, மீன் எத்தனை?