இண்டர்நெட் வரவில்லை என்றால் முதலில் எங்கே பார்ப்பீர்கள்?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக ஆசை. எங்கள் பாடத்திட்டத்தில் அது ஒரே ஒரு தாள்தான். பயிற்சி மையம் ஒன்றில் 60 ஆயிரம் ரூபாய் கட்டினால் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) சொல்லித் தருவார்களாம், வேலையும் உறுதியாம். சேரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வேலை உறுதி என்பதை எழுத்தில் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

அந்த ஒரு தாளைக் குறைவாக நினைக்காதீர்கள். ஓஎஸ்ஐ அடுக்குகள் (கேபிளிலிருந்து செயலி வரை நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் மாதிரி), ஐபி முகவரி, சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), ரூட்டிங் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டுவது) எல்லாம் அதிலேயே இருக்கும். சிசிஎன்ஏவுக்கும் அடித்தளம் அவைதான். ஆனால் கல்லூரியில் ஏழு அடுக்குகளையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். வேலையிலோ, கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இண்டர்வியூவில் நான் புதியவர்களிடம் தவறாமல் கேட்பது இது: ஒரு கணினியில் இண்டர்நெட் வரவில்லை, என்ன செய்வீர்கள்? முக்கால்வாசிப் பேர் ரீஸ்டார்ட் செய்வேன் என்பார்கள். (தப்பில்லை, பல நேரம் சரியாகியும் விடும். ஏன் சரியானது என்றுதான் தெரியாது.) நான் எதிர்பார்க்கும் பதில் கேபிளில் தொடங்கும். செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைப் போட்டு கணினியின் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று ஆரம்பித்தால், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபியிடமிருந்து எதுவும் கிடைக்காமல் விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். முகவரி சரியாக இருந்தால் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரை, பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்புவதுதான் பிங்). அங்கிருந்து பதில் வந்தால் அடுத்து வெளியே, கூகுளின் 8.8.8.8 முகவரியை பிங் செய்யுங்கள். அதற்கும் பதில் வருகிறது, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மேல். ‘ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம், அதனால் பதில் வராததை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன்’ என்றும் ஒருவர் சொன்னால் அவரை வேலைக்கு எடுக்காமல் நான் விடமாட்டேன். நீங்கள் மனப்பாடம் செய்த அதே அடுக்குகளில்தான் கீழிருந்து மேலே ஏறியிருக்கிறோம்.

இந்தக் கை பழக்கத்துக்கு, கணினித் திரையிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசம். இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர், நான்கு கணினிகள் வைத்து, அலுவலகத்துக்கு ஒரு விலேன், விடுதிக்கு ஒரு விலேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்) என்று பிரித்து ஓடவிடுங்கள். ஓடியதும் மூடிவிடாதீர்கள். தோழியிடம் கொடுத்து உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஒன்றைக் கெடுக்கச் சொல்லுங்கள்: ஒரு கணினியின் சப்நெட் மாஸ்க்கை மாற்றலாம், பல விலேன்களைச் சேர்த்துக் கடத்தும் டிரங்க் போர்ட்டில் ஒரு விலேனை எடுத்துவிடலாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டில் எழுதி வையுங்கள். இப்படி நாற்பது கோளாறு பார்த்தவருக்கு இண்டர்வியூவில் வாய் உலராது.

சப்நெட்டிங்கை மட்டும் பேப்பரும் பேனாவுமாகப் போட்டுப் பழகுங்கள். 192.168.10.0/26 என்றதும் 64 முகவரி, கருவிகளுக்குக் கொடுக்க 62, அடுத்த நெட்வொர்க் 64-இல் தொடங்கும் என்று யோசிக்காமல் வர வேண்டும். அப்புறம் நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை உங்கள் கணினியில் போட்டு, டிசிபி இணைப்பு தொடங்கும்போது போய்வரும் அந்த மூன்று பாக்கெட்டுகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். கல்லூரி வைஃபையில் மற்றவர்களுடையதை எட்டிப் பார்க்க வேண்டாம், வம்பு.

சிசிஎன்ஏ வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020 முதல் அது 200-301 என்ற ஒரே தேர்வு, இரண்டு மணி நேரம். கட்டணம் 300 டாலர், வரி தனி. பயிற்சி மையத்தில் படித்தால்தான் எழுதலாம் என்று விதி ஏதும் இல்லை. சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். இப்போதே எழுதினால் அதில் பாதி கல்லூரியிலேயே கரைந்துவிடும். கடைசி செமஸ்டரில் எழுதுங்கள். தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி டம்ப் என்ற பெயரில் விற்கும் கேள்வித்தாள்களை நம்பி எழுதியவர்கள் என் மேசை முன்னால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரம் மிஞ்சினால் லினக்ஸும் கொஞ்சம் பைத்தானும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது சுவிட்சில் ஒரே மாற்றத்தைச் செய்யச் சொன்னால், ஒவ்வொன்றாக உள்ளே போவதா, ஒரு ஸ்கிரிப்டை ஓடவிடுவதா?

வீட்டில் ஒன்றை இப்போதே சொல்லி வையுங்கள். இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் சப்போர்ட்டிலோ, நெட்வொர்க்கை 24 மணி நேரமும் கண்காணிக்கும் நாக் என்ற பிரிவிலோதான் இருக்கும். நாக் என்றால் இரவு ஷிஃப்ட் உண்டு.