எம்யூஐ-யில் (மெட்டீரியல் யூஐ, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் தளம் கட்ட உதவும் காம்போனென்ட் தொகுப்பு) எழுத்துக்கான டைப்போகிராஃபி காம்போனென்ட் எதற்கு? நேரடியாக எச்1 (முதன்மைத் தலைப்பு), பி (பத்தி) என்ற எச்டிஎம்எல் டேக் போட்டால் போதாதா? கன்சோலில் பி-க்குள் டிவ் (பொதுவான பெட்டி டேக்) வரக்கூடாது என்ற எச்சரிக்கையும் வருகிறதே, ஏன்?

சின்னப் பக்கம், ஒரே ஆள் எழுதுவது என்றால் தாராளமாக வெறும் டேக் போடுங்கள். ஆனால் கேள்வியைப் பார்த்தால், ஏற்கெனவே எம்யூஐ-யில் ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று படுகிறது. ‘எல்லாத்துக்கும் டைப்போகிராஃபி போடு’ என்று சீனியர் சொல்லியிருப்பார், காரணம் சொல்லியிருக்க மாட்டார்.

காரணம் இதுதான். வெறும் எச்1 போட்டால் எழுத்தின் தோற்றமும் பக்கத்தின் கட்டமைப்பில் அதற்குள்ள இடமும் ஒட்டிக்கொண்டே வரும். டைப்போகிராஃபி அதைப் பிரித்துத் தருகிறது. ‘வேரியன்ட்’ (பாடி1, எச்4 போன்ற தோற்றப் பெயர்) தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளும். ‘காம்போனென்ட்’ என்ற ப்ராப் (காம்போனென்ட்டுக்கு நாம் கொடுக்கும் அமைப்பு), எந்த டேக்காக வர வேண்டும் என்று சொல்லும். அதை எழுதாமல் விட்டால் எம்யூஐ தானாக ஒரு டேக்கை எடுத்துக்கொள்ளும்: பாடி1, பாடி2 என்றால் பி, எச்4 என்றால் எச்4, கேப்ஷன் என்றால் ஸ்பான் (வரிக்குள்ளேயே வரும் டேக்). சப்டைட்டில்1, சப்டைட்டில்2 இரண்டுக்கும் எச்6! வருடக்கணக்கில் ரியாக்ட் எழுதுகிறவர்கள் பலருக்கே இது தெரியாது.

இதனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒரு மருத்துவமனைக்காக வேறொரு குழு கட்டிய டோக்கன் தளம் பராமரிப்புக்கு எங்களிடம் வந்தது. எங்கள் டெஸ்டிங் டீமில் பார்வையற்ற தம்பி ஒருவர் இருக்கிறார். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். பக்கம் முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. அவர் தட்டினார். ‘300 ரூபாய், ஹெடிங் லெவல் 6.’ மறுபடி தட்டினார். ‘மாலை 5 முதல் 8 வரை, ஹெடிங் லெவல் 6.’ ஒவ்வொரு டாக்டரின் கட்டணமும் நேரமும் சப்டைட்டில்2-ல் இருந்தன. ‘இன்றைய டாக்டர்கள்’ என்ற உண்மையான தலைப்போ பாடி1-ல் போல்டு போட்டு எழுதப்பட்டிருந்ததால் வெறும் பி. பக்கத்தில் ஒரு எச்1 கூட இல்லை. “அண்ணா, இதுல எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல” என்றார்.

வேரியன்ட்டில் கை வைக்காமலே பெரும்பாலானதைச் சரிசெய்தோம். பக்கத் தலைப்பு: வேரியன்ட் எச்4, காம்போனென்ட் எச்1. பகுதித் தலைப்பு எச்2, டாக்டர் பெயர் எச்3. கட்டணமும் நேரமும் பி. ஸ்பான் போடலாம்தான், ஆனால் அது ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும், டிஸ்ப்ளே பிளாக் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு தீமிலேயே (தளம் முழுவதற்குமான பொது அமைப்பு) ‘வேரியன்ட்மேப்பிங்’ எழுதி, அதாவது எந்த வேரியன்ட்டுக்கு எந்த டேக் என்று சொல்லி, சப்டைட்டில் இரண்டையும் பி ஆக்கினோம். டிசைனர் பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். அந்தத் தம்பி மட்டும் டாக்டர் டாக்டராகத் தாவிக்கொண்டிருந்தார். என் வேலையில் நான் பெருமையாக நினைப்பது அதைத்தான்.

‘டெயில்விண்ட் (தோற்றத்தை சிஎஸ்எஸ் கிளாஸ்களால் தரும் கருவி) போதுமே, எம்யூஐ கனம்’ என்று சிலர் வருவார்கள். நான் எம்யூஐ-க்கு ஏஜென்ட் இல்லை. டெயில்விண்டில் டேக்கை நீங்களே எழுதுவதால் இந்தச் சிக்கல் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேள்வி எம்யூஐ பற்றியது, அதனால் அதற்குப் பதில் சொல்கிறேன்.

தமிழில் தளம் செய்தால் இன்னொன்று. எம்யூஐ-யின் இயல்பு எழுத்துரு ரோபோட்டோ. அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. பயனரின் கருவியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதுதான் வரும். எச்3-க்கு வரி உயரம் 1.167 மட்டுமே. அதோடு ‘நோராப்’ (வரி மடங்காமல் வைக்கும் ப்ராப்) போட்டால் ஓவர்ஃப்ளோ ஹிடன் ஆகி, அதாவது பெட்டிக்கு வெளியே போவது மறைக்கப்பட்டு, ‘மூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படலாம். தீமில் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைக் கொடுத்து, தலைப்புகளின் வரி உயரத்தைக் கூட்டுங்கள். எழுத்துருவை மாற்றினால் ரோபோட்டோவுக்காக வைத்த எழுத்து இடைவெளியை எம்யூஐ தானாகவே விட்டுவிடும்.

இதை எல்லாம் இன்டர்வியூவில் யாராவது கேட்கிறார்களா? பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கச் சொல்கிறார்கள், கிளோஷர் கேட்கிறார்கள். ஒரு பக்கத்தில் தலைப்புகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்று என்னை ஒரு கம்பெனியிலும் கேட்டதில்லை. பிறகு ஆக்செசிபிலிட்டி ஆடிட் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்ற சோதனை) அறிக்கை வந்ததும், ரிலீஸுக்கு முந்தின வாரம் அதே டெவலப்பர் தலையில் கட்டுவார்கள். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

கன்சோலில் பி-க்குள் டிவ் வரக்கூடாது என்ற எச்சரிக்கை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டைப்போகிராஃபிக்குள் சிப் (சின்ன லேபிள் மாதிரியான காம்போனென்ட்) வைத்திருப்பீர்கள், சிப் ஒரு டிவ். வெளியே உள்ள டைப்போகிராஃபிக்கு காம்போனென்ட் டிவ் என்று கொடுங்கள், போய்விடும். லிஸ்ட்ஐட்டம்டெக்ஸ்ட் என்ற பட்டியல் காம்போனென்ட்டின் ‘செகண்டரி’யில் (இரண்டாம் வரி) வைத்திருந்தாலும் இதே கதைதான், அதுவும் உள்ளே பி.