ஆகாசவாணி ஒரு பக்கம் சாய்ந்தால் நேயர் எங்கே முறையிடுவது?

கேள்வி: காலையில் ஆகாசவாணிச் செய்தி கேட்காமல் எனக்கு நாள் ஓடாது. சில மாதங்களாகச் செய்தியில் ஒரு தரப்பே பேசுகிறது. மறுதரப்பு என்ன சொன்னது என்று பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பு என்கிறார்களே, அப்படியானால் யாரிடம் புகார் செய்வது? செய்தால் பலன் உண்டா? இன்னொன்று, எனக்குத் தெரிந்த ஒருவர் நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் செய்தி வாசிக்கிறார். அவருக்குச் சிக்கல் வந்துவிடக் கூடாது.
(திருச்சி வாசகர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: உங்களைப் போன்றவர்களின் புகாரைக் கேட்பதற்கென்றே சட்டத்தில் ஒரு மன்றம் உண்டு. பிரசார் பாரதி சட்டம், 1990, பிரிவு 14, 15 இரண்டும் ‘ஒலிபரப்பு மன்றம்’ ஒன்றைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு நிகழ்ச்சி அமைப்பின் நோக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று நினைக்கும் எவரும் அங்கே போகலாம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997 செப்டம்பரில். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, அந்த மன்றத்தை யாரும் அமைக்கவே இல்லை. 22 எம்பிக்களைக் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்று மேற்பார்வை செய்ய வேண்டும் என்று பிரிவு 13 சொல்கிறது. அதுவும் ஏட்டோடு சரி. காங்கிரஸும் பாஜகவும் மாறிமாறி ஆண்ட பிறகும் இதுதான் நிலைமை என்பதால், ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே சுற்றுவழியில்தான் போக வேண்டும். அதற்கு முன், அழுத்தம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் எழுதும் புகார் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

நேர்வாசல் பிரிவு 23. நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காக ‘இதை ஒலிபரப்பாதே’ என்றோ, பொது முக்கியத்துவம் உள்ள ‘இதை ஒலிபரப்பு’ என்றோ மத்திய அரசு உத்தரவிடலாம். ஆனால் உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைத்தாக வேண்டும். அது மட்டுமில்லை, ‘அரசு உத்தரவின்படி இதை ஒலிபரப்புகிறோம்’ என்று பிரசார் பாரதி விரும்பினால் வானொலியிலேயே அறிவிக்கலாம். இவ்வளவு வெளிச்சமான வாசலில் எந்த அமைச்சர் நுழைவார்?

பின்வாசல் இரண்டு. ஒன்று ஆள், மற்றொன்று சம்பளம். 2007 அக்டோபர் 5 வரை வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்களே என்று 2012-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் சொல்கிறது. அவர்கள் பிரசார் பாரதியில் அயல்பணியில் (டெபுடேஷனில்) இருப்பதாகக் கணக்கு. செய்திப் பிரிவுகளை நடத்துவது இந்தியத் தகவல் பணி அதிகாரிகள். அவர்களுடைய இடமாற்றமும் பதவி உயர்வும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில். நாளைக்கு அமைச்சகத்துக்கே திரும்பிப் போக வேண்டிய ஓர் அதிகாரியிடம் யாரும் போன் போட்டு மிரட்ட வேண்டியதில்லை, அவராகவே பார்த்து நடந்துகொள்வார்.

சம்பளக் கதை 2018-இல் வெளியே வந்தது. ஊழியர் சம்பளத்துக்கான மானியத்தை அமைச்சகம் விடுவிக்கவில்லை என்று அப்போதைய பிரசார் பாரதி தலைவர் சூர்யபிரகாஷே சொன்னார். எங்களோடு போட வேண்டிய ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, அதனால்தான் என்றது அமைச்சகம். யார் சொன்னது சரி என்ற விவாதம் இருக்கட்டும். மாதச் சம்பளத்துக்கு அமைச்சகத்தின் வாசலில் காத்திருக்கும் அமைப்பு எந்த அளவு தன்னாட்சியோடு இருக்க முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

உச்சியில் இருப்பவர் நிலையும் பாதுகாப்பானது கிடையாது. முதல் தலைமைச் செயல் அதிகாரி எஸ்.எஸ். கில்லுக்காக 1997-இல் வயது வரம்பை அவசரச் சட்டம் போட்டு நீக்கினார்கள். 1998-இல் ஆட்சி மாறியது, அதே வயதைக் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒலிபரப்பிலும் இதன் தடம் தெரியும். 2014 ஏப்ரலில் மோடியிடம் தூர்தர்ஷனின் செய்தி அலைவரிசையான டிடி நியூஸ் எடுத்த பேட்டியில் சில பகுதிகள் வெட்டப்பட்டன. அப்போது ஆண்டது காங்கிரஸ் கூட்டணி. அதே ஆண்டு அக்டோபரில் ஆர்எஸ்எஸ் தலைவரின் விஜயதசமி உரையை தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியது. அப்போது ஆண்டது பாஜக. 2017 சுதந்திர தினத்துக்கு திரிபுராவின் மார்க்சிஸ்ட் முதல்வர் மாணிக் சர்க்கார் பேசிப் பதிவுசெய்த உரையை, மாற்றித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்று திருப்பினார்கள்.

நான் வகுப்புகளில் எப்போதும் எடுத்துச் சொல்லும் உதாரணம் 2024 மே மாதத்தில் நடந்தது. தேர்தல் நேரத்தில் கட்சிகளுக்கு ஒதுக்கும் இலவச நேரத்தில் பேச மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய பொதுச்செயலாளர் சீத்தாராம் யெச்சூரி தூர்தர்ஷனுக்குப் போகிறார். அவருடைய ஆங்கில உரையில் ‘வகுப்புவாத சர்வாதிகார ஆட்சி’, ‘கொடுங்கோன்மைச் சட்டங்கள்’ ஆகிய பொருள் தரும் சொற்களை எடுக்கச் சொன்னார்கள். நிர்வாகம் ‘திவாலானது’ என்பதை ‘தோல்வி’ என்று மாற்றச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக்கின் தேவராஜன் ‘முஸ்லிம்கள்’ என்ற சொல்லையே விட்டுவிட வேண்டியதாயிற்று. தேர்தல் ஆணைய விதிப்படிதான் செய்தோம் என்பது தூர்தர்ஷன் தரப்பின் பதில். விதி இருப்பது உண்மைதான். பிற நாடுகளைச் சாடக் கூடாது, மதங்களைத் தாக்கக் கூடாது, எவரையும் பெயர் சொல்லி விமர்சிக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. ஆனால் யெச்சூரி ஒன்று சொன்னார்: அந்த ஆங்கில உரையின் மொழிபெயர்ப்பான இந்தி உரையில் யாரும் குற்றம் காணவில்லையாம். விதிதான் காரணம் என்றால் இரண்டு மொழியிலும் அல்லவா வெட்டியிருக்க வேண்டும்?

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சொற்களை நீக்கச் சொன்னதை அந்தத் தலைவர்கள் வெளியே சொன்னதால் அது விவாதமானது. வாயால் வரும் அழுத்தத்தை எழுத்துக்கு இழுத்துவருவதுதான் புகாரின் வேலை.

சரி, எப்படி எழுதுவது? ‘உங்கள் செய்தி ஒருதலைப்பட்சம்’ என்று பொதுவாக எழுதினால், ‘தங்கள் கருத்து பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி வரும், கதை முடிந்தது. ஒரு வாரம் செய்தியைப் பதிவுசெய்யுங்கள், செல்போன் போதும். ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் தளத்தில் மாநிலச் செய்திகளின் எழுத்து வடிவமும் ஒலியும் கிடைக்கும், அதையும் இறக்கிவையுங்கள். பிறகு எண்ணுங்கள்: எந்தத் தரப்பு எத்தனை முறை, எத்தனை நிமிடம், மறுதரப்பின் பதில் வந்ததா. அதைப் பிரிவு 12(2)-ஓடு சேர்த்து எழுதுங்கள். மாறுபட்ட கருத்துகளையும் உள்ளடக்கிய நேர்மையான, சமநிலையான தகவலைத் தர வேண்டும், தனக்கென்று எந்தக் கொள்கையையும் பரப்பக் கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம். ‘இந்தத் தேதி, இந்த நேரச் செய்தியில் இன்ன அறிவிப்பு மட்டும் வந்தது, அதே நாளில் வெளியான மறுப்பு வரவில்லை, 12(2)(b)-க்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கவும்’ என்று எழுதினால் பதில் எழுதுபவர் கொஞ்சம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இதை மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர்ப்புத் தளத்தில் போடுங்கள். 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2024-இல் வந்த விதிமுறை. பதில் பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிரஸ் கவுன்சிலுக்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், அது பத்திரிகைகளுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டும். 

என் அனுபவத்தில் புகாரைவிட வேலைசெய்வது தகவல் அறியும் உரிமை மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். தமிழிலேயே எழுதலாம், பிரிவு 6(1) அனுமதிக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஏன் செய்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டில் பிரிவு 23-இன்கீழ் வந்த உத்தரவுகளின் நகல், செய்தித் தேர்வு பற்றி நிலையத்துக்கு வந்த சுற்றறிக்கைகள், ஒலிபரப்பு மன்றம் அமைப்பது தொடர்பான கோப்புக் குறிப்புகள். ‘உத்தரவு எதுவும் இல்லை’ என்று வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவே இல்லாமல் செய்தி சாய்ந்தது என்றால் பொறுப்பு முழுக்க ஆசிரியர் குழுவின் தலையில் விழுகிறது. அந்தக் கடிதத்தோடு உங்கள் எம்பியைப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு என்றால் வழி இன்னும் சுலபம். ஆளுங்கட்சிக்குச் சாதகமாக அரசு ஊடகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நடத்தை விதிகளின் 7-ஆம் பகுதி நேரடியாகவே சொல்கிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்குப் பதிவோடு அனுப்பலாம்.

நீதிமன்றம் கடைசி வழி. போபால் விஷவாயு பற்றிய ஆவணப்படத்தைக் காட்ட மறுத்த தூர்தர்ஷனை, காட்டியே ஆக வேண்டும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலைவரிசை பொதுச்சொத்து என்றது 1995 தீர்ப்பு. ஆனால் அன்றாடச் செய்தியின் சாய்வுக்காக ஒரு தனிநபர் உயர் நீதிமன்றம் போய் ஜெயிப்பது கடினம், செலவும் அதிகம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் வாசிப்பவருக்குச் செய்தியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கிடையாது, கையில் கொடுத்த தாளைத்தான் வாசிக்கிறார். ஆனால் சிக்கல் என்று வந்தால் முதலில் பறிபோவது அவருடைய அடுத்த மாதத்து டியூட்டிதான். எனவே புகாரிலும் மனுவிலும் வாசிப்பவர் பெயரை எழுதாதீர்கள். தேதி, நேரம், எந்தச் செய்தித் தொகுப்பு என்பது போதும். நிலையத்துக்கு அனுப்பாமல் டெல்லியில் உள்ள செய்திப் பிரிவுத் தலைமைக்கு முகவரியிடுங்கள். நண்பரிடமிருந்து எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதவும் வேண்டாம், வானொலியில் எல்லார் காதிலும் விழுந்ததை மட்டும் எழுதுங்கள்.