அப்டேட்டுக்குப் பிறகு விர்ச்சுவல் மெஷின் 'மெமரி போதாது' என்றால்

உவர்மலைத் தம்பியின் 8 ஜிபி லப்டொப்பில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, 6 ஜிபி மெமரி ஒதுக்கிய உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) வேர்ச்சுவல்பொக்ஸில் (கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருளில்) 'மெமரி போதாது' என்று நின்றுவிடுகிறதாம். இவ்வளவு நாள் ஓடியதே பெரிய விஷயம்.

விர்ச்சுவல் மெஷினை நிறுத்திவிட்டு டாஸ்க் மனேஜரில் மிச்ச மெமரியைப் பாருங்கள் தம்பி. 4 ஜிபிதான் இருக்கிறதென்றால் 6 எங்கிருந்து வரும்? வேர்ச்சுவல்பொக்ஸின் சிஸ்டம் அமைப்பில் பேஸ் மெமரியை (மெஷினுக்கு ஒதுக்கும் மெமரி) 3072 எம்பிக்கு இறக்குங்கள். மெஷின் சேவ் செய்த நிலையில் இருந்தால் மாற்ற விடாது, முழுதாக அணைக்க வேண்டும். விண்டோஸின் பேஜ் ஃபைலை (மெமரி போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) முன்பு நிறுத்தி வைத்திருந்தால் திரும்பத் தானியங்கிக்கு விடுங்கள். பிறகு லப்டொப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; ஷட் டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையையே எழுப்பிவிடும்.

மெஷின் ஓடும் சாளரத்தின் கீழ் மூலையில் பச்சை ஆமை தெரிந்தால் அது வேறு கதை. மெஷின் ஹைப்பர்-வி (விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதி) வழியாக ஓடுகிறது, அதனால்தான் மந்தம். அதற்காக 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணைக்கச் சொல்வார்கள். அது விண்டோஸின் பாதுகாப்பு வசதி, நானென்றால் கை வைக்கமாட்டேன்.